வியப்பவர் யார்? வியக்க வைப்பது எது?



ஆங்கிலம் பயிலும் சீன மாணவி ஒருத்தி எதிர்பாராத பரிசு ஒன்றைப் பெறுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். மகிழ்ச்சி பொங்க ஆசிரியையிடம், "ஐ ஆம் வெரி சர்ப்ரைசிங்!" என்கிறாள். தான் வியப்படைந்ததாகக் கூறவே நினைத்தாள். ஆனால், "பிறரை வியக்க வைப்பவள் நான்" என்று தற்பெருமை பேசியவளாகிவிட்டாள்! இதற்குக் காரணம் அவளது சோம்பல் அன்று. அவளது தாய்மொழியின் அமைப்பேயாகும்.

சீனாவின் பொதுமொழியாகிய மாண்டரினில் "வோ ஹென் ஜிங்யா" என்பார்கள். "வோ" என்றால் நான். "ஹென்" என்றால் மிகவும். "ஜிங்யா" என்றால் வியப்புற்ற நிலை. ஒரு செய்தி என்னை வியக்க வைத்தது என்று சொல்ல, "செய்யவைத்தல்" என்ற பொருள் தரும் "ழாங்" என்னும் தனிச்சொல்லைச் சேர்ப்பார்கள். "ஜிங்யா" மட்டும் இரண்டிடத்தும் மாறாமலே நிற்கும். நம் வினைச்சொற்களுக்கு உள்ளவை போன்ற விகுதிகள் அதற்கு இல்லை.

ஆங்கிலத்தில் "சர்ப்ரைஸ்" என்னும் வினைக்கு, வியப்பை உண்டாக்குவதே எழுவாய், வியப்படைபவர் செயப்படுபொருள். "தி நியூஸ் சர்ப்ரைஸ்ட் மீ" என்பது சரி. "ஐ வெரி சர்ப்ரைஸ்" என்பது பிழை. நம் உணர்வைச் சொல்ல "ஐ வாஸ் சர்ப்ரைஸ்ட்" என வேண்டும். அதன்பின் "அட் தி நியூஸ்" என்றோ, "டு ஹியர் தி நியூஸ்" என்றோ தொடரலாம். செய்தியின் தன்மையைச் சொல்லும்போது மட்டும், "தி நியூஸ் வாஸ் சர்ப்ரைசிங்" என வரும்.

தமிழரான நமக்கு இது எளிதில் விளங்கும். "ஆச்சரியப்பட்டேன்" என்பதற்கும் "ஆச்சரியப்படுத்தியது" என்பதற்கும் உள்ள வேறுபாடே இது.

சீனருக்கு இன்னொரு இடரும் உண்டு. மாண்டரின் அசைகள் பெரும்பாலும் உயிரொலியிலோ, "ன்", "ங்" ஒலிகளிலோதான் முடியும். ஆகவே "சர்ப்ரைஸ்ட்" என்பதன் கடைசி ஒலி அவர்கள் காதில் எளிதில் விழாது. நாவிலும் எளிதில் வராது. காதில் விழாத ஒன்று எழுத்தில் விடுபடுவதில் வியப்பென்ன?

சென்ற ஆண்டு வகுப்பில் நானும் இத்தகைய பிழை செய்தேன். "எனக்குப் போரடிக்கிறது" என்பதை நினைத்துக்கொண்டு, "ஐ ஆம் போரிங்" என்றேன். "நான் பிறருக்குச் சலிப்பூட்டுபவள்" என்று பொருளாகிவிட்டது! வகுப்பே சிரித்தது, என் கண்கள் கலங்கின. "ஐ ஆம் போர்ட்" என்பதே சரி என்பதை அன்று கற்றேன், இன்றுவரை மறக்கவில்லை.

தோழியரே, ஒருவர் மொழியில் தடுமாறும்போது சிரிப்பது எளிது. அவர் எந்த மொழியிலிருந்து நடந்து வருகிறார் என்று எண்ணிப் பார்த்தால், சிரிப்பு மறைந்து உதவும் மனம் பிறக்கும். அவ்வாறு உதவக் கற்போமாக!

— பத்தாம் வகுப்பு மாணவி