கெமிஸ்ட்னா மெடிக்கல் ஷாப் மட்டும்தானா? வேதியியலாளருக்கு ஒரு தேசிய அமைப்பு எதற்கு?

தஞ்சாவூரில் எம்.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர் ‘நான் கெமிஸ்ட்’ என்று சொன்னால், அடுத்த கேள்வி பெரும்பாலும் ‘எந்தத் தெருவுல கடை வெச்சிருக்கீங்க?’ என்பதுதான். ஊர் மேல் தப்பில்லை. மருந்துக்கடைக்காரர்களின் அகில இந்திய அமைப்பின் பெயரிலேயே ‘கெமிஸ்ட்’ இருக்கிறது.

கடையில் மருந்து கொடுக்கும் மருந்தாளுநருக்கு 1948-ம் ஆண்டு பார்மசி சட்டப்படி பதிவு எண் உண்டு. வழக்கறிஞருக்கு பார் கவுன்சில் உண்டு. தவறு செய்தால் பட்டியலிலிருந்து பெயரை நீக்கலாம். ஆய்வக வேதியியலாளருக்கு இந்தியாவில் அப்படி ஒரு பதிவேடே கிடையாது.

அதனால என்ன?

டெல்டாவில் இது சின்ன விஷயமில்லை. குறுவைக்கு முன்னால் மண் மாதிரி கொடுத்தால், மண்வள அட்டையில் தழைச்சத்து, துத்தநாகம், கார அமில நிலை என 12 அளவுகள் வரும். எத்தனை மூட்டை யூரியா, துத்தநாக சல்பேட் வேணுமா என்பதையெல்லாம் அந்த எண்கள்தான் சொல்கின்றன.

இன்னும் கடுமையான உதாரணம் கதிராமங்கலம். 2017 ஜூன் 30 அன்று அங்கே ஓஎன்ஜிசி குழாயில் கசிவு ஏற்பட்டு, பெரிய போராட்டமானது. நிலத்தடி நீர் கெட்டுப்போச்சு என்றார்கள் ஊர்மக்கள். இல்லை என்றது நிறுவனம். இப்படி இரண்டு தரப்பு நிற்கும் இடத்தில், தண்ணீர் ஆய்வறிக்கையில் கையெழுத்து போடுபவர் யாருக்கும் வளையாதவர் என்று ஊர் நம்ப வேண்டும். அந்த நம்பிக்கைக்குப் பொறுப்பேற்பதுதான் ஒரு தொழில்முறை அமைப்பின் முதல் வேலை.

இங்கே என்ன இருக்கிறது?

1924-ல் கொல்கத்தாவில் தொடங்கிய இந்தியன் கெமிக்கல் சொசைட்டிக்கு முதல் தலைவர் பி.சி.ராய். 1999-ல் பெங்களூருவில் இந்திய வேதியியல் ஆராய்ச்சிச் சங்கம் வந்தது. இரண்டும் ஆய்விதழ், மாநாடு, விருது என்று இயங்கும் அறிவியல் சங்கங்கள். மதிப்பானவைதான். ஆனால் உரிமம் தருவதோ ஒழுங்கு நடவடிக்கை எடுப்பதோ அவற்றின் வேலையில்லை.

கொஞ்சம் நெருங்கி வருவது, 1927-ல் கொல்கத்தாவில் உருவான இன்ஸ்டிட்யூஷன் ஆஃப் கெமிஸ்ட்ஸ். இது நடத்தும் அசோசியேட் தேர்வுக்குச் சட்டத்திலேயே இடமிருக்கிறது. கும்பகோணத்தில் ஒரு ஹோட்டலில் உணவுப் பாதுகாப்பு அலுவலர் மாதிரி எடுத்தால், உணவுப் பகுப்பாய்வாளர் 14 நாளில் அறிக்கை தர வேண்டும். அந்தப் பதவிக்கு 2011-ம் ஆண்டு விதிகள் ஏற்கும் தகுதிகளில், முதுகலைப் பட்டத்தோடு இந்தத் தேர்வும் ஒன்று. கூடவே 3 ஆண்டு அனுபவமும், உணவுப் பாதுகாப்பு ஆணையம் அமைக்கும் வாரியத்தின் ஒப்புதலும் வேண்டும். வேதியியல் படித்த பலருக்கு இப்படி ஒரு வழி இருப்பதே தெரியாது!

கோடியக்கரைக்கு எதிர்க்கரையில் நிலைமை வேறு. 1971-ல் உருவான இலங்கை வேதியியல் நிறுவனம், 1972-ம் ஆண்டின் 15-ம் எண் சட்டத்தால் அங்கீகரிக்கப்பட்டது. ‘சார்ட்டர்ட் கெமிஸ்ட்’ பட்டத்தை அதுவே தருகிறது. பிரிட்டனில் இந்தக் கதை 1877-லேயே ஆரம்பித்துவிட்டது. உணவுக் கலப்படத்தைப் பிடிக்க வந்த பகுப்பாய்வாளர்களில் யார் தகுதியானவர் என்ற குழப்பமும் அங்கே ஒரு காரணம்.

நம்மூரில் இந்த இடத்தை ஓரளவு நிரப்புவது என்ஏபிஎல் அங்கீகாரம். ஆனால் அது ஆய்வகத்துக்குத் தரப்படுவது. கையெழுத்திடும் நபரையும் சோதிப்பார்கள். அந்த அனுமதி அந்த ஆய்வகத்தோடு சரி. வேலை மாறினால் கூடவே வராது. சார்ட்டர்ட் பட்டம் அப்படியல்ல, ஆளோடு போகும்.

போர்வெல் தண்ணீரையோ வயல் மண்ணையோ தனியார் ஆய்வகத்தில் கொடுக்கிறீர்களா? அறிக்கையில் என்ஏபிஎல் சான்று எண் இருக்கிறதா, நீங்கள் கேட்ட அளவுக்கே அந்த அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள். யூரியா கணக்குக்கு வாங்கிய அங்கீகாரம் இல்லாத எண்ணும், அங்கீகாரம் உள்ள எண்ணும் ஒரே தாளில் அடுத்தடுத்து அச்சாகி வரலாம்.