கிரெனடாவுக்கு வரும் பணம்

கரிபியன் கடலிலுள்ள கிரெனடாவில், லண்டனிலும் நியூயார்க்கிலும் உழைக்கும் உறவினர் அனுப்பும் பணம் பல குடும்பங்களுக்கு ஆதாரமாகும். 2004ஆம் ஆண்டில் ஐவான் புயல் வீடுகளையும் ஜாதிக்காய் மரங்களையும் சாய்த்தபின், மீண்டும் கூரை வேய்ந்ததில் இப்பணத்துக்கும் பங்குண்டு. 1976 முதல் ஓர் அமெரிக்க டாலருக்கு 2.70 கிழக்குக் கரிபியன் டாலர் என்னும் விகிதம் மாறாததால், நியூயார்க்கிலிருந்து வரும் தொகை நாணய ஏற்றத்தாழ்வால் தேய்வதில்லை. தேய்ப்பது அனுப்பும் கட்டணமே. தொகை சிறிதாயின் சுமை பெரிது.

கட்டணத்தினும் கவலைக்குரியது வேறொன்று. அயல்நாட்டுப் பெரிய வங்கியொன்றில் கணக்கு இருந்தால்தான் தீவின் வங்கி டாலரைப் பெற இயலும். கண்காணிப்புச் செலவுக்கேற்ற ஆதாயமில்லை எனக் கருதி, பெரிய வங்கிகள் சில 2010க்குப் பின் கரிபியன் பகுதியில் இத்தகைய கணக்குகளை முடித்துக்கொண்டன. கிழக்குக் கரிபியன் மத்திய வங்கி 2021இல் வெளியிட்ட மின்னணு நாணயமோ நாணய ஒன்றியத்துக்குள் மட்டுமே புழங்கியது; அச்சோதனையும் 2024 ஜனவரியில் முடிவுற்றது.