ஒரே புத்தகம் படித்த கணினி

'நாம் கடைக்குப் போகிறோம்', 'நாங்கள் கடைக்குப் போகிறோம்' – இரண்டும் ஒன்றா? இல்லை. 'நாம்' என்றால் கேட்பவரும் கூட வருகிறார். 'நாங்கள்' என்றால் அவர் வரவில்லை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'வீ' என்ற ஒரே சொல்தான்.

நம்மைப் போலவே இதைப் பிரித்துச் சொல்கிறவர்கள் இந்தோனேசியாவின் மேற்கு பப்புவாவில், காரஸ் தீவில் இருக்கிறார்கள். அவர்கள் மொழி கலமாங். வினைச்சொல் கடைசியில் வருவதிலும் அது தமிழ் மாதிரிதான். ஆனால் இரண்டுக்கும் உறவு கிடையாது. அதைப் பேசுவோர் 200 பேர்கூட இல்லை. அந்த ஊர்ப் பிள்ளைகள் இப்போது பேசுவது பப்புவா மலாய்.

கைப்பேசியில் ஒரு வாக்கியத்தைத் தட்டினால் உடனே வேறு மொழியில் வருகிறதே, அதை யார் கற்றுக்கொடுத்தது? ஒரே செய்தி இரண்டு மொழிகளில் எழுதப்பட்ட வாக்கிய ஜோடிகள்தான். ஆங்கிலம், பிரெஞ்சு போன்ற மொழிகளுக்கு இப்படிக் கோடிக்கணக்கான ஜோடிகள் உண்டு. கலமாங் மொழியோ இணையத்தில் இல்லவே இல்லை எனலாம்.

ஆனாலும் அதற்கு ஒரு புத்தகம் இருந்தது. எலினெ ஃபிஸ்ஸர் என்ற மொழியியலாளர் அந்த மக்களோடு தங்கி, அவர்கள் பேசியதைப் பதிவு செய்து, கலமாங் இலக்கணத்தை எழுதினார். 2022இல் அது நூலாக வந்தது.

அடுத்த ஆண்டு ஆய்வாளர்கள் சிலர் ஒரு சோதனை வைத்தார்கள். அந்த இலக்கணத்தில் சுமார் 500 பக்கம், 2,000 சொற்கள் கொண்ட பட்டியல், 400 வாக்கிய ஜோடிகள். இவற்றை மட்டும் கணினிக்குக் கொடுத்தால் அது மொழிபெயர்க்குமா? அன்றைய செயற்கை நுண்ணறிவு நிரல்கள் ஓரளவு செய்தன. ஆனால் அதே புத்தகத்தைப் படித்துப் பழகிய ஒரு மனிதர் அவற்றைவிட நன்றாகவே செய்தார். 2024இல் கூகுளின் ஜெமினி 1.5 என்ற நிரல் முழுப் புத்தகத்தையும் ஒரே மூச்சில் படித்து, அந்த மனிதரின் தரத்தை நெருங்கிவிட்டது.

இதற்குப் பிறகு வந்த ஆய்வுதான் எனக்கு மிகவும் பிடித்தது. புத்தகத்தில் கணினிக்கு உதவியது எது என்று வேறு சிலர் பிரித்துப் பார்த்தார்கள். பக்கம் பக்கமாக இருந்த இலக்கண விளக்கங்களால் பெரிய பயன் இல்லை. நடுநடுவே மொழிபெயர்ப்போடு கொடுத்திருந்த எடுத்துக்காட்டு வாக்கியங்களே கைகொடுத்திருந்தன! அவை அந்தத் தீவு மக்களின் வாயிலிருந்து வந்தவை. யாரோ பொறுமையாகக் கேட்டு எழுதாமல் இருந்திருந்தால், எவ்வளவு பெரிய கணினியாலும் அங்கே ஒன்றும் செய்திருக்க முடியாது.

உங்கள் வகுப்பில் வீட்டில் படுக மொழியோ இருளமோ சௌராஷ்டிரமோ பேசும் தோழர் இருக்கிறாரா? 'நாம் கடைக்குப் போகிறோம்', 'நாங்கள் கடைக்குப் போகிறோம்' என்பதை அவர் மொழியில் எப்படிச் சொல்வது என்று கேளுங்கள். பாட்டி தாத்தாவிடமும் கேட்டு வரச் சொல்லுங்கள். தமிழையும் அதையும் அடுத்தடுத்த வரிகளில் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.