வடிவமைப்புச் செலவுப் பாவனையாக்கம்

வடிவமைப்புச் செலவுப் பாவனையாக்கம் என்பது, ஒரு பொருள் வரைபட நிலையில் இருக்கும்போதே அதன் உற்பத்திச் செலவைக் கணினியில் பலமுறை கணித்து மதிப்பிடும் முறை ஆகும். பாவனையாக்கம் சிமுலேசன் எனவும் அழைக்கப்படுகிறது. மூலப்பொருள், அளவுகள், பாகங்களை இணைக்கும் முறை முதலியன வடிவமைப்பின்போதே முடிவாவதால், பிற்காலச் செலவின் பெரும்பகுதியும் அப்போதே நிர்ணயமாகிறது. வார்ப்பச்சுகள் செய்யப்பட்ட பின்னர் வடிவமைப்பை மாற்றுவது பெருஞ்செலவை ஏற்படுத்தும்.

வரலாறு

இதற்குப் பெரிதும் பயன்படுவது மான்டே கார்லோ முறை ஆகும். 1940களில் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தில், அணுக்கரு ஆய்வுகளுக்காக ஸ்டானிஸ்லாவ் உலாம், ஜான் வான் நியூமன் ஆகியோர் இதனை உருவாக்கினர். சூதாட்ட விடுதிக்குப் பெயர்பெற்ற மொனாக்கோ நாட்டுப் பகுதியின் பெயர் இதற்கு இடப்பட்டது. 1964 இல் டேவிட் ஹெர்ட்ஸ் என்பவர் ஹார்வர்டு பிசினஸ் ரிவியூ இதழில் எழுதிய கட்டுரை, தொழில் நிறுவனங்களின் முதலீட்டு முடிவுகளுக்கு இத்தகைய பாவனையாக்கத்தைப் பயன்படுத்தும் வழியை விளக்கியது.

செயல்முறை

1. பொருளின் செலவு பல கூறுகளாகப் பிரிக்கப்படும்.
2. ஒவ்வொரு கூறுக்கும் குறைந்த மதிப்பு, பெரிதும் எதிர்பார்க்கப்படும் மதிப்பு, உயர்ந்த மதிப்பு ஆகிய மூன்றும் தரப்படும். இம்மூன்றைக் கொண்டு முக்கோண வடிவ நிகழ்தகவுப் பரவல் அமைக்கப்படும்.
3. சமவாய்ப்பு எண்களைக் கொண்டு, கணினி ஒவ்வொரு பரவலிலிருந்தும் ஒரு மதிப்பைத் தெரிவு செய்து கூட்டும்.
4. இது 10,000 முறை போலத் திரும்பத் திரும்பச் செய்யப்பட்டு, மொத்தச் செலவின் பரவல் பெறப்படும்.

எடுத்துக்காட்டு

ஒரு நீரேற்றியின் செலவுக் கூறுகள் (ரூபாயில்) பின்வருமாறு எனக் கொள்வோம்.

* மூலப்பொருள்: 400, 450, 620
* கடைசல், துளையிடல்: 200, 240, 370
* பொருத்துதல், சோதித்தல்: 90, 100, 140

பெரிதும் எதிர்பார்க்கப்படும் மதிப்புகளை மட்டும் கூட்டினால் 790 ரூபாய் கிடைக்கும். ஆனால், முக்கோணப் பரவலின் சராசரி அம்மூன்று மதிப்புகளின் சராசரியே என்பதால், கூறுகளின் சராசரிகள் முறையே 490, 270, 110 ஆகும். மொத்தச் சராசரி 870 ரூபாய். கூறுகள் ஒன்றையொன்று சாராதவை எனில், செலவு 790 ரூபாய்க்குள் அடங்கும் வாய்ப்பு பத்தில் ஒன்றுக்கும் குறைவு. 90 விழுக்காடு உறுதி வேண்டுமெனில் ஏறத்தாழ 950 ரூபாய் ஒதுக்க வேண்டும். செலவு குறைவதற்கு இடம் குறைவாகவும் கூடுவதற்கு இடம் அதிகமாகவும் இருப்பதே இவ்வேறுபாட்டுக்குக் காரணம். 790 ரூபாயை நம்பி விலை நிர்ணயிக்கும் நிறுவனம் இழப்பைச் சந்திக்கக்கூடும்.

பயன்கள்

இரு வடிவமைப்புகளைச் சராசரிச் செலவைக் கொண்டு மட்டுமன்றி, செலவு எல்லைமீறும் வாய்ப்பைக் கொண்டும் ஒப்பிடலாம். மொத்தச் செலவின் ஏற்ற இறக்கத்துக்கு எந்தக் கூறு மிகுதியான காரணம் என்பதையும் அறியலாம். மேற்கண்ட எடுத்துக்காட்டில் அது மூலப்பொருள் ஆகும். எனவே வடிவமைப்பாளர் முதலில் கவனிக்க வேண்டியதும் அதுவே.

வரம்புகள்

முடிவின் தரம், உள்ளிடும் மதிப்புகளின் தரத்தைப் பொறுத்தது. கூறுகள் ஒன்றோடொன்று தொடர்புடையனவாக இருத்தலும் கூடும். சான்றாக, உருக்கின் விலை உயர்ந்தால் பல பாகங்களின் செலவு சேர்ந்தே உயரும். இத்தொடர்பைக் கருதாவிடில், பரவல் உண்மையைவிடக் குறுகியதாகத் தோன்றி, இடர் குறைத்து மதிப்பிடப்படும்.

இவற்றையும் பார்க்கவும்

* மான்டே கார்லோ முறை
* நிகழ்தகவுப் பரவல்
* செலவுக் கணக்கியல்