பப்பாளி மேல் பழி... தப்பிக்கும் ‘கல்’ பழம்!

“சுத்தம் பண்ணிட்டு வந்த உடம்பு. பப்பாளியைக் கண்ணுலகூடக் காட்டாதே!”

கருக்கலைப்போ கருச்சிதைவோ முடிந்து வீடு திரும்பும் பெண்ணிடம் பூந்தமல்லி சுற்றுவட்டாரத்திலும் இப்படிச் சொல்லும் பெரியவர்கள் உண்டு. அன்னாசி சூடு, திராட்சை குளிர்ச்சி, வாழைப்பழம் சளி என ஒவ்வொன்றாகக் கழித்தால், தட்டில் ரசம் சாதம்தான் மிஞ்சும்.

பாவம் பப்பாளி! 2002-ல் வெளியான சிங்கப்பூர் ஆய்வில், எலிகளின் கருப்பையைச் சுருங்கவைத்தது காயிலிருந்து வடியும் பால்தான். பழுத்த பழத்தின் சாறு அல்ல. அதுவும் கர்ப்ப காலக் கவலை. கரு கலைந்தபின் பழுத்த பப்பாளியை ஒதுக்க மருத்துவக் காரணம் இல்லை. பாட்டி வைத்தியம் சொல்லும் ஓய்வும் கஞ்சியும் நல்லவைதான். அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஒதுக்கினால்தான் நஷ்டம். தமிழகப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. அதன்மேல் கரு கலைந்தபின் வரும் ரத்தப்போக்கு வேறு. கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்பு உடம்பில் சேர வைட்டமின் சி வேண்டும். 100 கிராம் கொய்யாவில் அது சுமார் 200 மில்லிகிராம். இரும்பு மாத்திரையால் வரும் மலச்சிக்கலுக்கும் கொய்யாவே கைகொடுக்கும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் பலன் பாதி போச்சு.

பயப்பட வேண்டியது பழத்துக்கல்ல, அதைப் பழுக்கவைத்த விதத்துக்கு. 2020 மே மாதம் கொரோனாவால் சென்னை கோயம்பேடு சந்தை மூடப்பட்டபோது, காய்கறிச் சந்தை பூந்தமல்லிக்குப் பக்கத்தில் திருமழிசைக்கே வந்தது. பழச் சந்தையோ மாதவரம் போனது. அப்போதும் இந்தப் பக்கத்துக்குப் பழம் தூரத்துச் சரக்குதான். தூரத்துச் சரக்கு காயாகவே லாரி ஏறும். இறங்கிய இடத்தில் பழுக்கும்.

அங்கேதான் ‘கல்’ நுழைகிறது. ‘கல்’ எனப்படும் கால்சியம் கார்பைடு ஈரம் பட்டால், பழுக்கவைக்கும் அசிட்டிலீன் வாயுவைக் கக்கும். கூடவே ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பும் இருக்கலாம். 2011 உணவுப் பாதுகாப்பு விதிகள் கார்பைடால் பழுக்கவைப்பதைத் தடை செய்கின்றன. அனுமதி உள்ளது எத்திலீன் வாயுவுக்கு, அதுவும் 100 பிபிஎம் வரைதான். இருந்தும் மாம்பழ சீசன் வந்தால் சோதனையும் டன் கணக்கில் பறிமுதலும் செய்தியாகின்றன. தோல் முழுக்க ஒரே மஞ்சள், ஆனால் வாசனையே இல்லை, வெட்டினால் உள்ளே காய் என்றால் சந்தேகப்படுங்கள். ஆரோக்கியமான உடம்பே திணறும் சரக்கை, ரத்தம் இழந்த உடம்புக்கு ஏன் கொடுக்க வேண்டும்? குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவித் தோலைச் சீவிவிடுவது குறைந்தபட்சப் பாதுகாப்பு.

சாலையோரம் ஈ மொய்க்கும் நறுக்கிய பழமும் இப்போதைக்கு வேண்டாம். அதனால் வரும் காய்ச்சலும் வயிற்றுவலியும், கருப்பைத் தொற்றின் அறிகுறியைக் குழப்பிவிடும். மணிக்கு இரண்டு நாப்கின் வீதம் இரண்டு மணி நேரம் நனைந்தாலோ, காய்ச்சல் ஒரு நாளுக்கு மேல் நீடித்தாலோ, துர்நாற்றத்தோடு கசிந்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். ஊருக்குத் தெரிந்துவிடுமே என்று தயங்க வேண்டாம்: கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்தின்படி, கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்ணின் பெயரை, சட்டம் அனுமதித்தவரைத் தவிர வேறு யாரிடமாவது மருத்துவர் வெளியிட்டால் ஓராண்டு வரை சிறை கிடைக்கலாம்.