பாதுகாப்பு விதியை மீறி வேலை போனால்

இலங்கையில் வேலை இழந்தவருக்கு அடுத்த வேலை கிடைக்கும்வரை கைகொடுக்கும் வேலையின்மைக் காப்புறுதி கிடையாது. அமெரிக்காவில் அது உண்டு. பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறி நீக்கப்பட்டவர் அதை இழக்கலாம். வன்னியில் இழப்பதற்கே அப்படியொரு பணம் இல்லை. ஆகவே இங்கே கேட்க வேண்டியது, வேலை போன பிறகு என்ன மிஞ்சும் என்பதுதான்.

கிளிநொச்சி மாவட்டத்து முகமாலையில் மிதிவெடி அகற்றுபவர் முழந்தாளிட்டு, முகக்கவசத்துக்குள் வேர்வை வழிய, மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டுகிறார். வேர்வை துடைக்கக் கவசத்தைத் தூக்கும் அந்தக் கணத்தில் வெடித்தால் கண் போய்விடும். அதனால்தான் அது பாரதூரமான விதிமீறல். ஆடைத் தொழிற்சாலையில் இயந்திரத்தின் காப்பைக் கழற்றுவதும் அதே வகைதான்.

பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களில், 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆட்குறைப்புக்குத் தொழிலாளியின் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும். விதிமீறலுக்கான ஒழுக்காற்று நீக்கத்துக்கு இரண்டும் வேண்டியதில்லை. ஆனால் நீக்கிய பின் இரண்டாவது வேலைநாள் முடிவதற்குள் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். கோபத்தில் அந்தக் கடிதத்தை வாங்காமல் வீடு திரும்புவது பெரிய பிழை. ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்குப் போகும்போது கையில் இருக்க வேண்டிய முதல் ஆதாரம் அதுதான். தவறுக்குத் தண்டனை தகுமா என்பதையும் சபை பார்க்கும். மீண்டும் வேலை கொடுக்கவோ நட்டஈடு வழங்கவோ உத்தரவிட அதற்கு அதிகாரம் உண்டு.

ஐந்து வருடம் வேலை செய்த மாதச் சம்பளக்காரருக்கு, வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் பணிக்கொடை. 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி மோசடி, பணக் கையாடல், முதலாளியின் சொத்துக்கு வேண்டுமென்றே செய்த சேதம், பொருள் இழப்பு ஆகியவற்றுக்காக நீக்கினால் மட்டுமே அதில் கைவைக்கலாம். அதுவும் இழப்பின் அளவுக்குத்தான். கவசத்தைத் தூக்கியது அந்தப் பட்டியலில் இல்லை.

ஊழியர் சேமலாப நிதியான ஈ.பி.எப். பணத்தை எந்த முதலாளியும் பறிக்க முடியாது. ஆனால் ஆண்கள் பொதுவாக 55 வயதுவரையும் பெண்கள் 50 வயதுவரையும் காத்திருக்க வேண்டும். சம்பளத்தில் 3 வீதமாக முதலாளி கட்டிய ஊழியர் நம்பிக்கை நிதியான ஈ.டி.எப். பணத்தைப் பொதுவாக வேலை போனதும் எடுக்கலாம். பணிக்கொடை கிடைக்காத குடும்பத்துக்குக் கையில் கிடைக்கும் காசு பெரும்பாலும் அதுதான்.

விதிமீறலால் உண்மையாகவே பறிபோகக்கூடியது விபத்து நட்டஈடு. 1934ஆம் ஆண்டின் வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டப்படி, பாதுகாப்புக்காகத் தெளிவாகச் சொன்ன கட்டளையை வேண்டுமென்றே மீறியதாலோ, காப்பை வேண்டுமென்றே அகற்றியதாலோ நேர்ந்த காயத்துக்கு முதலாளி பொறுப்பில்லை. அதே விபத்தில் தொழிலாளி இறந்தால் இந்த விலக்கு செல்லாது. குடும்பம் நட்டஈடு கேட்கலாம்.