மாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது

சென்ற கோடை விடுமுறைக்கு, கோவையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வளரும் என் அக்கா மகனைப் பெருந்துறைப் பக்கம் இருக்கும் எங்கள் சித்தப்பா தோட்டத்தில் கொண்டுபோய் விட்டோம். வயது 13. கொசுக்கடி, சாணி நாற்றம், செல்போனில் சிக்னல் இல்லை என்று முதல் மூன்று நாளும் அழாத குறை. நான்காம் நாள் சித்தப்பா ஒரு கிடாரிக் கன்றை அவனிடம் ஒப்படைத்தார். "ஏங்கண்ணு, இனிமேல் இதுக்குத் தண்ணி காட்டறது உன்ற வேலை. வாயில்லாச் சீவன், நீ மறந்தா அது கேக்காது" என்றார். அவ்வளவுதான். பத்தாம் நாள் நான் போனபோது காலை ஆறு மணிக்கு முன்பே அவன் கட்டுத்தறியில் நின்றுகொண்டிருந்தான். யாரும் எழுப்பவில்லை.

ஒப்படைத்த வேலை

ஒரு நாள் சுற்றுலாவாகப் பண்ணைக்குக் கூட்டிப்போய், டிராக்டரில் உட்காரவைத்துப் படமெடுத்துத் திரும்புவதில் தவறில்லை. ஆனால் பிள்ளை வளர்வதற்கு அது போதாது. ஓடிக்கொண்டிருக்கும் தோட்டத்தில் சில நாள் தங்கி, தன் பொறுப்பில் ஒரு வேலை இருக்க வேண்டும். மாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. வாய்க்கால் உடைந்தால் அப்போதே மண்ணை வெட்டிப் போட்டு அடைக்க வேண்டும். செய்த வேலையின் பலன் அன்றைக்கே கண்ணில் தெரிகிறது, செய்யாமல் விட்டதும் தெரிகிறது. மதிப்பெண் அட்டை காட்டிப் புரியவைக்க முடியாத பொறுப்பை ஒரு கன்றுக்குட்டி புரியவைத்துவிடுகிறது.

இதை நம்பியே ஒரு தம்பதி வாழ்நாளைக் கொடுத்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் டெவன் பகுதியில் எழுத்தாளர் மைக்கேல் மார்பர்கோவும் அவர் மனைவி கிளேரும் 1976இல் நகரத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்காக நெதர்காட் என்ற பண்ணையைத் திறந்தார்கள். ஆசிரியர்களோடு வரும் பிள்ளைகள் ஒரு வாரம் தங்கி, ஆடு மாடு, கோழிகளைப் பராமரிக்கிறார்கள். திக்குவாயால் பேசவே தயங்கிய ஒரு சிறுவன், ஓர் இரவு அங்கே லாயத்துக் குதிரையிடம் தடையில்லாமல் பேசிக்கொண்டிருந்ததை மார்பர்கோ பார்த்தார். 1982இல் வெளிவந்த 'வார் ஹார்ஸ்' நாவலை எழுதும் துணிவை அந்தக் காட்சிதான் கொடுத்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். திருத்தாத, கேலி செய்யாத ஒரு காது கிடைத்தால் கூச்சம் தானாக விலகுகிறது.

உடம்புக்கு என்ன லாபம்?

5 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி உடலை அசைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தசைக்கும் எலும்புக்கும் வலுவூட்டும் வேலை வாரத்தில் மூன்று நாளாவது வேண்டும். சோளத்தட்டுச் சுமப்பது, களை கொத்துவது, வரப்பில் கால் பதித்து நடப்பது எல்லாம் இந்தக் கணக்கில் சேரும்.

பெற்றோர் அதிகம் யோசிக்காத லாபம் கண்ணுக்கு. வெளிச்சத்தில் கழியும் நேரம் கிட்டப்பார்வை வருவதைத் தள்ளிப்போடுகிறது. தைவான் 2010இல் பள்ளிப் பிள்ளைகளைத் தினமும் 120 நிமிடம் வெளியே அனுப்பும் திட்டத்தைத் தொடங்கியது. அதுவரை ஏறிக்கொண்டே போன பார்வைக்குறைபாடு அதன்பின் இறங்கத் தொடங்கியது. தோட்டத்தில் இந்த இரண்டு மணி நேரம் கணக்குப் பார்க்காமலே கிடைத்துவிடும்.

தூக்கத்தையும் பசியையும் பற்றிச் சொல்லவே வேண்டாம். வெண்டைக்காயைத் தட்டில் ஒதுக்கும் பிள்ளை, தானே பறித்த பிஞ்சைப் பச்சையாகக் கடிப்பதை நான் பார்த்தேன்.

புழுதியும் ஆஸ்துமாவும்

அமெரிக்காவில் ஆமிஷ், ஹட்டரைட் என்று இரண்டு விவசாயச் சமூகங்கள் உண்டு. பூர்வீகமும் உணவும் ஏறக்குறைய ஒன்று. ஆமிஷ் மக்கள் வீட்டை ஒட்டியே மாடு வளர்க்கிறார்கள். ஹட்டரைட் மக்களின் பண்ணைகள் பெரியவை, இயந்திரமயமானவை. 2016இல் வெளியான ஆய்வு, ஆமிஷ் பிள்ளைகளுக்கு ஆஸ்துமா பல மடங்கு குறைவு என்றும், அவர்கள் வீட்டுப் புழுதியிலுள்ள நுண்ணுயிரிகள் எதிர்ப்பாற்றலைப் பழக்குகின்றன என்றும் காட்டியது. இது பிறந்தது முதல் கிடைக்கும் பழக்கம். ஏற்கெனவே ஆஸ்துமா உள்ள பிள்ளையை இரண்டு வாரம் தொழுவத்தில் விட்டால் குணமாகும் என்று யாரும் நம்பிவிட வேண்டாம். வைக்கோல் தூசியில் இழுப்பு கூடவும் செய்யும். மருத்துவரைக் கேட்டு, இன்ஹேலரோடு அனுப்புங்கள்.

அனுப்பும் முன்

எனக்கு முதல் பயம் கிணறு. நீச்சல் தெரிந்த பெரியவர் துணையில்லாமல் எந்தப் பிள்ளையும் கிணற்றுமேட்டுக்குப் போகக் கூடாது. கோடை விடுமுறையில் கிணற்றிலும் குட்டையிலும் போகும் உயிர்கள் பொறுக்க முடியாதவை.

அடுத்தது பாம்பு. இருட்டில் டார்ச் இல்லாமல் நடக்கக் கூடாது. விறகுக் குவியலிலும் வைக்கோல் போரிலும் கையை விடக் கூடாது. கடித்துவிட்டால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, 108ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

வெறுங்காலோடு ஈரமண்ணில் நடந்தால் கொக்கிப்புழு தோல் வழியே ஏறும், செருப்பு கட்டாயம். 10 வயதிலும் 16 வயதிலும் போட வேண்டிய டி.டி. தடுப்பூசி விடுபட்டிருந்தால் முதலில் போட்டுவிடுங்கள். பாலைக் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது. பூச்சிமருந்து அடிக்கும் நாளில் பிள்ளை அந்தப் பக்கமே இருக்கக் கூடாது. ஊர் திரும்பியபின் விடாத காய்ச்சல் வந்தால், தோட்டத்தில் தங்கியதை மருத்துவரிடம் சொல்லுங்கள். உண்ணிக் காய்ச்சலையும் எலிக்காய்ச்சலையும் அவர் சந்தேகிக்க அந்த ஒரு தகவல் உதவும்.

எல்லை எங்கே?

வயலில் வேலை செய்ததாலேயே படிப்பை இழந்த பிள்ளைகள் இந்த மண்ணில் ஏராளம். அதை மறந்துவிட்டுப் பண்ணை வேலையின் பெருமையைப் பேச எனக்கு மனமில்லை. கூலிக்காகவும் கட்டாயத்துக்காகவும் பிள்ளை உழைப்பது வேறு. விடுமுறையில், வயதுக்கேற்ற வேலையை, பெரியவர் பார்வையில், வேண்டாம் என்று சொல்லும் உரிமையோடு செய்வது வேறு. உச்சிவெயிலில் வேலை கூடாது. இயந்திரங்களைத் தொடவிடக் கூடாது.

தோட்டம் வைத்திருக்கும் மாமாவோ சித்தப்பாவோ உங்கள் சொந்தத்திலும் இருப்பார். அடுத்த விடுமுறைக்கு இரண்டு வாரம் பிள்ளையை அனுப்பிவையுங்கள். அனுப்பும்போது அவரிடம் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: விருந்தாளியாக வைத்திருக்காமல் ஒரு வேலையை அவன் பொறுப்பில், அவள் பொறுப்பில் விடச் சொல்லுங்கள்.